மெமோ என்று நான் நினைத்த தாள்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை ஆசிரியை ராஜாம்பாள் அம்மையார் அவர்களே, முதலியார்பேட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே! வணக்கம் சொல்லவே கூசுகிறது. நான் அம்மாவாசை, மில்லில் தறி ஓட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான்தான் அதை விட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன்.

நம் பெருமதிப்பிற்குரிய கணக்கு வாத்தியார் தெய்வசிகாமணி அவர்கள் மறைந்து இன்று பதினோராம் நாள். மார்க்குப் போடாத வாத்தியார் உண்டா? மார்க்கோடு நிற்காதவர் இவர் ஒருவரே! சைக்கிளை விற்று, கைப்பிடி சுற்றித் தாளை உருட்டி நகலெடுக்கும் பழைய ஸ்டென்சில் மெஷின் வாங்கினார். அதன்பின் கருவடிக்குப்பத்து வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்தே வந்தார். கூட்டல், கழித்தல், வகுத்தல் என்று தாளில் வரிசையாக உருட்டி எடுத்து, எந்தப் பிள்ளை எங்கே தவறுகிறது, அதற்கு என்ன கணக்குப் போட்டுப் பழகவேண்டும் என்று, வகுப்பில் நாற்பத்திரண்டு பேருக்கும் தனித்தனியே எழுதி வீட்டுக்கு அனுப்பினார்.

என் மகள் செல்வாம்பாளும் ஒரு தாள் கொண்டுவந்தாள். நான் என்ன செய்தேன்? எங்கள் மில்லில் உருட்டிய தாளில் பேர் எழுதிக் கொடுத்தால் அது மெமோ, தப்புச் செய்தவனுக்கு எச்சரிக்கை! மூன்று வந்தால் சீட்டுக் கிழியும், வேலை போய்விடும். பிள்ளையை அடித்தேன், ஐயா.

"அடிக்காதப்பா! வாத்தியாரு திட்டலப்பா!"

"ஒனக்கு என்னாடி தெரியும்? ரெண்டு மெமோ வாங்குனவன் நானு!"

அதோடு விட்டேனா? 'வாத்தியார் பள்ளிக்கூடத்தில் மெஷின் வைத்து நோட்டீஸ் அடிக்கிறார்' என்று கல்வி அதிகாரிக்கு மொட்டைக் கடிதாசி போட்டேன். ஆம், நான்தான்! மெஷினைப் பூட்டிவிட்டார்கள். முன்வரிசையில் இருக்கும் என் மகளுக்கே இது இப்போதுதான் தெரியும்.

தாள் நின்றதா? இல்லை! சாகும்வரை ஆறு மாதம், அத்தனையையும் கையாலேயே எழுதினார். ஒருநாள் கடைத்தெருவில் என்னை நிறுத்தினார்.

"அம்மாவாச, ஒங்க பொண்ணுக்கு வகுத்தல் வந்துடுச்சு. மீதிய எழுதத்தான் மறக்குது. அத மட்டும் பாத்துக்குங்க."

அப்போதுதான் புரிந்தது, அது மெமோ இல்லை. அப்போதாவது ஒப்புக்கொண்டேனா? "கடிதாசி போட்ட பாவி எவன் சார்?" என்று கேட்டேன்! நானே கேட்டேன்!

அவர் சிரித்தார். "எவரா இருந்தா என்னா? எங்க தப்புனாருன்னு அவருக்கும் ஒரு தாள் எழுதிக் குடுத்தா சரியாப்பூடும்."

அம்மையார் அவர்களே, இதோ, என் பேரும் கையெழுத்தும் போட்ட கடிதாசி. அதிகாரியிடம் சேர்த்து மெஷினைத் திறந்து வாங்குங்கள். ஞாயிறுதோறும் கைப்பிடி சுற்ற நான் வருகிறேன். வாத்தியார் விட்ட வேலை நிற்காது. முதலில் உருளும் தாளில் என் பேரை எழுதுங்கள். நான் தவறிய இடத்தைச் செல்வாம்பாள் எழுதட்டும்.