கனேலாவின் சளி

எங்கள் மலையூர் ஹலாபாவில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் துவைத்த துணி லேசில் காயாது. தூறல் விட்டால்தானே காய்வதற்கு. கொடியில் போட்ட சட்டையை இரண்டு நாள் கழித்து எடுத்தால் போட்டபோது இருந்ததைவிடக் கனமாக இருக்கும். சுவரில் பூஞ்சை ஏறும், உப்பு நீர்த்துப் போகும். இங்கே பிறந்தவர்களுக்கு இது பழக்கம். வெளியிலிருந்து வருகிற உயிருக்குத்தான் தாங்காது. அதனால் பாம்புக்கு முதலில் சளி பிடித்ததையும் என் கணக்கில் எழுதிவிடாதீர்கள். முதல் சளி தானாக வந்தது.

என் பெயர் ஒதீலியா. லேயோபார்தோ என் தம்பி. வீட்டில் லேயோ. அவனுக்கு ஆறு வயதாகும்போது அம்மா இறந்துபோனாள், எனக்கு அப்போது இருபத்திரண்டு. அப்பா அதற்கு முன்பே வேறொரு குடும்பத்தோடு துறைமுகப் பக்கம் போயிருந்தார். லேயோவுக்குச் சின்னதிலிருந்தே ஆஸ்துமா. மூச்சு முட்டும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டான். நான் பார்த்துக்கொண்டிருந்தால் மூச்சு வந்துவிடும் என்று நம்பினான். வரவும் செய்தது. எனக்கு ஒரு வரன் பேசினார்கள், நடக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

லேயோ வளர்ந்து, சந்தைக்குப் பின்னாலிருக்கும் சந்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்தான். நான் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். எங்கள் தெருவில் யாருக்கு ஊசி போட வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வலிக்காமல் போடுவேன்.

பாம்பு அக்டோபரில் வந்தது. புவெப்லா நகரத்தில் ஏதோ கண்காட்சி, அங்கே உரிய காகிதங்களோடு வாங்கி வந்தான். குட்டி மலைப்பாம்பு, முன்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட. இலவங்கப்பட்டை நிறம் என்பதால் கனேலா என்று பெயர் வைத்தான். நான் பக்கத்தில் போகவில்லை.

"அட, தொடுக்கா. ஒண்ணும் பண்ணாது. உன்னைக் கடிச்சா அதுக்குத்தான் வெஷம் ஏறும்" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். சிரித்த கையோடு அடுத்த செய்தியைச் சொன்னான். யதீரா என்று ஒரு பெண், தூரத்தில் வெயில் காயும் மெரிதா ஊர்க்காரி. அவளுடைய மாமா அங்கே ஏசி பழுது பார்க்கும் கடை நடத்துகிறார். இவனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்கிறாராம். நவம்பர் கடைசியில் பேருந்து. போகிறேன் என்றுதான் சொன்னான், போகலாமா என்று கேட்கவில்லை.

நவம்பர் நடுவில் கனேலா மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. பிறகு மூக்கில் நுரை கட்டியது. லேயோ அதை ஒரு தலையணை உறையில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு கால்நடை டாக்டர் சாசரோவிடம் ஓடினான். நானும் கூடப் போனேன். அந்த அம்மாள் பாம்பின் வாயைத் திறந்து பார்த்து, உள்ளே கோழை கட்டியிருக்கிறது என்றார்.

"நுரையீரல்ல இறங்கிடுச்சு. குளிரும் ஈரமும்தான் காரணம். கூண்டுல சூடு குறையவே கூடாது. ஊசி எழுதித் தர்றேன், மூணு நாளைக்கு ஒண்ணு. பயணம் கியணம்னு இப்பத் தூக்கிட்டுப் போயிடாத, வழியிலேயே செத்துடும்."

அன்று சாயங்காலம் யதீரா போனில் பேசியது சமையலறை வரைக்கும் கேட்டது.

"பாம்புக்குச் சளியா? ஏன் லேயோ, வர்றதுக்கு இஷ்டம் இல்லைன்னா நேரா சொல்லேன். வேற பொய்யே கிடைக்கலையா உனக்கு?"

அவன் வந்து உட்கார்ந்து கறுப்பு பீன்ஸையும் ரொட்டியையும் சாப்பிட்டான். "இப்போதைக்குப் போகலக்கா" என்றான். நான் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினேன். அப்போது என் மனதில் எந்தத் திட்டமும் கிடையாது. ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மருந்து நன்றாக வேலை செய்தது. விசில் நின்றது. பாம்பு ஒரு எலிக்குஞ்சைத் தின்றது. லேயோ மறுபடியும் பேருந்து நேரம் விசாரித்தான்.

கூண்டில் ஒரு விளக்கும், சூட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு பெட்டியும் இருந்தன. பெட்டியிலிருந்து ஒரு வயர் போகும். அதன் முனை எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் சூட்டைத்தான் பெட்டி காட்டும். அந்த முனை கூண்டின் தரையில் கிடந்தது. நான் அதை எடுத்து விளக்குக்குப் பின்னால், கண்ணில் படாதபடி நீல நூலால் கட்டினேன். அதற்குப் பிறகும் பெட்டி சரியான எண்ணையே காட்டியது. லேயோ காலையும் மாலையும் அந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்தான். விளக்கு பெரும்பாலும் அணைந்தே கிடந்தது. கூண்டின் தரை எங்கள் வீட்டுத் தரை மாதிரியே சில்லென்று இருந்தது.

விசில் திரும்பி வந்தது. டாக்டர் புதிய ஊசிகளைக் கொடுத்தார், ஐஸ் பெட்டியில் உறைய வைக்க வேண்டியவை. மருந்தைத் தொட்டியில் பீய்ச்சிவிட்டு, காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரை நிரப்பி உறைய வைத்தேன். அவன் பிடித்துக்கொள்வான், நான் போடுவேன். "உன் கை வெண்ணெய்க்கா, அதுக்கு வலிக்கவே இல்ல பாரு" என்பான்.

அந்த வாரங்களைப் போல நாங்கள் இருந்து பல வருஷம் ஆகியிருந்தது. கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்துவிடுவான். சேர்ந்து காப்பி குடிப்போம். பாம்பு கஷ்டப்பட்டதா என்று கேட்டீர்கள். பட்டது. மூச்சுக்காகத் தலையைச் செங்குத்தாகத் தூக்கி, வாயைத் திறந்தபடியே இருக்கும். நான் பஞ்சால் கோழையைத் துடைத்துவிடுவேன். அதை என்னைப்போல யாரும் பொறுமையாகச் செய்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் சாசரோ கோழையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களைக் கூப்பிட்டார்.

"இந்தக் கிருமி இந்த மருந்துக்குச் சாகணும். லேப்புல சாகுது, உங்க வீட்டுல சாகல. ஒண்ணு மருந்து பொய், இல்லேன்னா வீடு பொய்" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு லேயோவிடம் திரும்பினார். "நீ மெரிதாவுக்குத்தானே போறதா இருந்த? கொண்டு போயிடு. வழியில போனாலும் போகலாம், ஆனா இங்க இருந்தா நிச்சயம் செத்துடும். அந்த ஊரு வெயிலே பாதி வைத்தியம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. லேயோ அங்கேயே நின்றபடி போனில் டிக்கெட் எடுத்தான். சனிக்கிழமை மதியம்.

அம்மாவின் கம்பளி ஒன்று பழைய டிரங்குப் பெட்டியில் கிடந்தது. பூஞ்சை பிடித்தது, அதை உதறினாலே லேயோவுக்கு இழுக்கும். குளிர் அதிகம் என்று சொல்லி அதை அவன் மெத்தை விரிப்புக்கு அடியில் போட்டேன். அவன் கோட்டில் இருந்த இன்ஹேலரைக் கொல்லைப்பக்கம் எடுத்துப்போய், காலியாகும் வரை காற்றில் அழுத்தினேன். அலமாரியில் ஒரு புதியது இருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். அவனைக் கொல்ல நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். ஒரு வாரம் படுக்கையில் கிடந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு வாரத்தில் பாம்பு செத்துவிடும், யதீராவும் சலித்துப்போவாள்.

சனிக்கிழமை காலை பாம்பை ஒரு பெட்டியில் வைத்து, சுடுதண்ணீர்ப் புட்டியைப் பக்கத்தில் சொருகிக்கொண்டிருந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. இரண்டு ராத்திரியாகவே இழுப்பு இருந்தது, பயணம் தடைப்பட்டுவிடும் என்று என்னிடம் மறைத்திருக்கிறான். கோட்டில் இருந்த இன்ஹேலரை அழுத்தினான். ஒன்றும் வரவில்லை.

"அக்கா... அலமாரியில... புதுசு."

நான் போய் அலமாரியில் தேடினேன். அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் ஒவ்வொரு தட்டாகத் தேடினேன். திரும்பி வந்து, இல்லை என்று சொல்லி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது.

அடுத்ததை நீங்கள் கேட்கவில்லை. யாருக்கும் தெரியாததால் கேட்டிருக்கவும் முடியாது. புதிய இன்ஹேலர் என் ஏப்ரன் பையில் இருந்தது. எடுக்கத்தான் போனேன், கை பைக்குள் போய்விட்டது. அப்போது அவன் இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். முப்பது வயது ஆண்பிள்ளை, ஆறு வயதில் பார்த்த மாதிரியே பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று தோன்றியது. கொஞ்ச நேரம்தான். பிறகு எடுத்து அவன் வாயில் வைத்து அழுத்தினேன். அதை உள்ளே இழுக்க அவனிடம் மூச்சு இல்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது டாக்ஸிக்காரர். நான் அவன் கைகளை என் கழுத்திலிருந்து எடுக்கவில்லை.

அடக்கத்துக்கு யதீரா வந்தாள். நான் நினைத்ததைவிடக் குள்ளமான பெண். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மெரிதாவுல மாடியில உங்களுக்குன்னு ஒரு ரூம் பாத்து வச்சிருந்தான். வெள்ளையடிச்சாச்சு. அக்காகிட்ட முன்னாடியே சொன்னா வரமாட்டேன்னுடுவா, நான் போயி ஒரு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வந்துடறேன்னு சொன்னான். உங்களுக்குத் தெரியுமா?"

வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னேன்.

பாம்பை டாக்டர் சாசரோ எடுத்துக்கொண்டு போனார். கூண்டையும் கொண்டுபோனபோதுதான் நீல நூலைப் பார்த்தார். அவர் உங்களிடம் சொன்னது எல்லாம் உண்மை. அதே மருந்தில் கனேலா குணமாகிவிட்டதாமே. கேள்விப்பட்டேன். நல்லது.

வேறு சொல்ல ஒன்றும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஒரு விஷயம் மட்டும் ஜெயில் மேலிடத்தில் சொல்லி வையுங்கள். நான் இருக்கும் வரிசையில் கடைசி அறையில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். வந்த நாளிலிருந்து நெஞ்சுச்சளி, இருமிக்கொண்டே இருக்கிறாள். அவளைப் பார்க்க யாரும் வருவதில்லை. என் அறையில் ஒரு கட்டில் காலியாகத்தான் கிடக்கிறது. அவளை என்னிடம் விட்டால் நான் பார்த்துக்கொள்வேன்.