பின்பக்கத் தகடு

நம்பர் பிளேட் மாட்டும்போது திருகாணியை ரொம்ப முறுக்கக் கூடாது. தகடு நெளிந்துவிடும். கைக்குப் பதம் தெரிய வேண்டும். வண்டிப் பதிவு அலுவலகத்தின் பின்கொட்டகையில் தலை நரைக்கிற வரை நான் செய்த வேலை அதுதான். என் கையால் மாட்டிய தகடு ஆடியதாக இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

எங்கள் நாட்டில் தகட்டின் முதல் இரண்டு எழுத்து மாவட்டத்தைச் சொல்லும். அப்புறம் வருவதெல்லாம் வெறும் வரிசை எண். வேறு மாவட்டத்துக்குக் குடிபோனால் எழுத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். யார் மாற்றினார்கள்? இன்றைக்கு, நாளைக்கு என்று வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். மனுஷனுக்கு நெற்றியில் ஊர் எழுதியிருக்காது, வண்டிக்கு எழுதியிருக்கும். கலவரம் வருகிற வரை அதை யாரும் யோசிக்கவில்லை.

மேற்கு மாவட்டத்துக்காரர்களோடு சண்டை மூண்டதும், ஊரெல்லை நாற்சந்தியில் எங்கள் ஆட்கள் கம்பும் பெட்ரோல் கேனுமாக நின்றார்கள். என் மனைவியின் தம்பியும் அதில் ஒருத்தன். ஒருநாள் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே விவரம் சொன்னான்.

"முன்னாடி மட்டும் பாத்தா போதாது மச்சான். தாண்டிப் போறப்ப பின்னாடியும் பாப்போம். மேற்கு எழுத்துன்னா நாலு சாத்து சாத்தித் திருப்பி அனுப்பிடுவோம். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு இருந்தா அவன் வேவு பாக்க வந்தவன். அவனை அனுப்ப மாட்டோம்."

நான் தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனேன். நான் பிறந்து வளர்ந்தது மேற்கில். அது என் மனைவிக்கே தெரியாது. இளவயதில் இங்கே வந்தேன், இந்த ஊர்க்காரன் என்று சொல்லிப் பெண் எடுத்தேன், முதல் வேலையாக என் வண்டியின் எழுத்தை மாற்றினேன்.

உண்மை தெரிந்தவர்கள் வேன்காரரும் அவர் மனைவியும்தான். மேற்கில் என் தெருவிலேயே பிறந்தவர்கள், பிழைப்புக்காகப் பின்னால் வந்தவர்கள். அவர்கள் குழந்தை பிறந்தது இங்கேதான். வெளியே சொல்லாதீர்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து இரண்டு பேரும் வாய் திறந்ததில்லை. தங்கமான மனுஷர்கள். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

எழுத்து மாற்ற அலுவலகத்தில் கூட்டம் அலைமோதிய காலையில் வேன்காரரும் வந்தார். வரிசையில் நின்றவர்கள் மூச்சு விடக்கூடப் பயந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பாடா. நம்ம ஊர் அண்ணன் இங்க இருக்கிறப்ப எனக்கு என்ன பயம்" என்றார், கொட்டகைக்கே கேட்கிற மாதிரி.

வரிசையில் இரண்டு பேர் திரும்பி, அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பயந்தவனுக்கு வாய் நிற்காது. இன்னொரு தடவையும் சொல்வார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் என்னையும் அல்லவா சேர்த்துக் கெடுத்துவிடும்?

முன்தகட்டைப் பதமாக மாட்டினேன்.

"பின்னாடி போடுறது இன்னும் அச்சாகி வரலை. பரவாயில்ல, நீ கிளம்பு" என்றேன். அது என் முக்காலிக்கு அடியில்தான் இருந்தது.

"பின்னாடி பழசு இருந்தா ஒண்ணும் ஆகாதாண்ணே?"

"முன்னாடிதான் பாக்கிறாங்க. கொஞ்ச நாள் வடக்கே உன் மச்சினிச்சி வீட்டுல இரு. தனியா போகாத, சந்தேகப்படுவாங்க. குடும்பத்தோட போ. பொம்பளைங்களைப் பாத்தா விட்டுடுவாங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "இந்த உதவியை சாகிற வரைக்கும் மறக்க மாட்டேண்ணே" என்றார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அன்று சாயங்காலம் மச்சினன் வந்தான். வெகுநேரம் குளித்தான். சாப்பாடு வேண்டாம் என்றான். அவன் சட்டையை என் மனைவி மூன்று தண்ணீரில் அலசியும் கரிவாடை போகவில்லை. வேனிலிருந்து யாரையும் இறங்க விடவில்லை என்று மறுநாள் அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

எரிந்த வேனின் முன்தகட்டில் ஓர் எழுத்து, பின்தகட்டில் வேறு எழுத்து. விசாரணை அதிகாரி நேராக என்னிடம் வந்துவிட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை. தெரிந்துதான் செய்தேன், சாகட்டும் என்றுதான் செய்தேன் என்றேன். ஏன் என்றார். பழைய பகை என்று சொல்லிவைத்தேன். குரல் பிசிறவே இல்லை.

பிறகு, எழுதுவதிலிருந்து தலை தூக்காமல், "சொந்த ஊர்?" என்று கேட்டார்.

அப்போதுதான் என் கை நடுங்கியது. மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன்.

"இதே ஊர்தான் சார். யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

கேட்கட்டும். மாற்றிச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர், அவர்களைத்தான் ஒன்றாக அனுப்பிவைத்தேன். குழந்தையை நான் அனுப்பவில்லை. அது தானாகத் தாயோடு போனது.