நாற்பத்தோராவது இசைத்தட்டு

— எல்லா ரெக்கார்டையுமா விக்கிறீங்க தம்பி? நல்லா யோசிச்சீங்களா?

— எல்லாத்தையும்தான். நாப்பத்தொண்ணு இருக்கு. எண்ணிக்கோங்க அக்கா.

— எண்ணுறதுக்கு என்ன. என் கடையில கிரேக்க ராக் கேட்டு வந்த ஒரே ஆள் உங்க வீட்டம்மாதான். மத்தவங்க அந்த அலமாரிப் பக்கமே திரும்ப மாட்டாங்க. ஒரு பாட்டு இருபது நிமிஷம் ஓடும், நடுவுல ஒருத்தன் ஆட்டை விரட்டுற மாதிரி கத்துவான்.

— அதுக்கு 'ஆடு'ன்னுதான் பேரு வெச்சிருந்தா.

— தெரியாதா எனக்கு. அட்டையில இருக்கிற கிரேக்கம் படிக்க வராது, அதனால ஒரு தடவை கேட்டுட்டு அவங்களே ஒரு பேரு வெச்சுருவாங்க. 'ஆடு', 'ஈரப் படிக்கட்டு', 'கோபக்கார டீச்சர்'. உள் உறையில பென்சிலால எழுதி, கீழே கேட்ட தேதியெல்லாம் வரிசையா. இடது கைக்காரங்க இல்லையா, எழுதினது மேலயே கை உரசி அங்கங்க கரியா இழுத்திருக்கும்.

— ம்.

— எப்படித் தேடுவாங்க தெரியுமா? ஒரு அட்டைக்குப் பின்னாடி டிரம்ஸ் வாசிச்சவன் பேரை எழுத்து எழுத்தா படம் மாதிரி வரைஞ்சுட்டு வந்து, 'அக்கா, நண்டுக்கால் மாதிரி இருக்கிற இந்தப் பேரு வேற எதுலயாவது இருக்கா பாருங்க'ம்பாங்க. அப்படியே பிடிச்சுப் பிடிச்சு நாப்பது ரெக்கார்டு. ஒவ்வொண்ணும் அவன் ஊர்லயே முந்நூறு காப்பிதான் போட்டிருப்பான். நீங்க ஒண்ணாவது கூட உட்கார்ந்து கேட்டிருக்கீங்களா?

— கூப்பிடுவா. நாளைக்குன்னு சொல்லுவேன்.

— அப்ப இப்ப என்ன மெட்டு முனகிட்டு இருந்தீங்க?

— நானா? நான் பாட மாட்டேன்.

— சரி, என் காதுதான் கோளாறு போல. ஏன் இவ்வளவு அவசரம்? கொஞ்ச நாள் போகட்டுமே.

— இது வீட்டுல இருந்தா தூக்கம் சரியில்ல. எட்டு மணி நேரம் படுக்கிறேன். எழுந்தா ராத்திரி பூரா வேலை பாத்த மாதிரி இருக்கு.

— காதை வேற தடவிக்கிட்டே இருக்கீங்க.

— காலையில வலிக்குது. ரெண்டு காதும். தலகாணி கெட்டி.

— தலகாணின்னா ஒரு பக்கம்தானே வலிக்கும். அவங்க ஹெட்போன்தான் ரெண்டு காதையும் நெரிக்கும். காது செவந்து போய் இங்க வந்து நிப்பாங்க.

— அது ஆணியில மாட்டினபடியே இருக்கு. இந்த ரெக்கார்டுப் பெட்டியையும் அவ போனதுமே நானே டேப் போட்டு ஒட்டிட்டேன்.

— ஒரு தடவையா?

— ஒரே தடவை.

— இங்க டேப் மேல டேப்பா அஞ்சாறு அடுக்கு இருக்கே. சரி விடுங்க, பிரிச்சாச்சு. முதல்ல 'ஆடு'... தம்பி, அவங்க தவறிப் போய் எத்தனை மாசம்?

— ஏழு.

— இதுல கடைசித் தேதி போன செவ்வாய்க்கிழமை.

— போன வருஷமா இருக்கும்.

— வருஷமும்தான் போட்டிருக்கு. 'ஈரப் படிக்கட்டு', புதன். 'டீச்சர்', வியாழன். வீட்டுல வேற யாரு இருக்கா?

— யாரும் இல்ல. கதவு உள்பக்கம் பூட்டியிருக்கும்.

— இந்த நாப்பத்தொண்ணாவதையும் பாருங்க. மூணு வருஷம் தேடினாங்க. வந்து சேர்ந்தப்ப அவங்க இல்ல. நான்தானே உங்க வாசல்ல வந்து கையில கொடுத்தேன், சீல் கூட உடையாம?

— உடைக்கல அக்கா. மேசை மேலயே கிடந்துச்சு. இன்னிக்குக் காலையில பெட்டியோட சேத்துத் தூக்கிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

— உடைச்சிருக்கு. உள்ளே பேரும் எழுதியிருக்கு. அதே எழுத்து. அதே கரி இழுப்பு.

— என்ன பேரு?

— 'ஊமை பாடறான்'.

— அந்த உறையை இப்படிக் கொடுங்க அக்கா.

— யாரு தம்பி ஊமை?

— நான். அதிகம் பேச மாட்டேன்னு அப்படிக் கூப்பிடுவா. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

— திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க. எனக்கு வேண்டாம்.

— முடியாது அக்கா. இது இங்கயே இருக்கட்டும். விலை கூட வேண்டாம். நான் ஒரு ராத்திரி தூங்கணும்.

— சரி, வெச்சிட்டுப் போங்க. பழைய சரக்கு வாங்கினா கொண்டு வந்தவங்க கைப்பட எழுதித் தரணும். இந்த நோட்டுல பேரு, தேதி, கையெழுத்து. பேனா மக்கர் பண்ணுது, இந்தப் பென்சிலை எடுத்துக்கோங்க.

— எழுதிட்டேன். சரியா பாருங்க.

— எழுதினது மேலயே கரி இழுத்துட்டீங்களே. நீங்களும் இடது கையா?

— இல்ல. அவ மட்டும்தான்.

— தம்பி, பயப்படாம குனிஞ்சு பாருங்க. பென்சில் எந்தக் கையில இருக்கு?