ஏழு பேரைக் கொன்ற குதிரை

குதிரைக்குச் சர்க்கரைக் கட்டி கொடுக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, ஷெரீப். பல் கெட்டுவிடும். டிக்கெட் வாங்கிய கையோடு கூடாரத்துக்குப் பின்னால் வந்து, மூக்கைத் துடைத்த அதே விரலால் நீட்டுவார்கள். பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், நான் அமோஸ் டில். மேஜர் ஹாஸ்கெல்லின் வைல்ட் வெஸ்ட் ஷோவில் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவன். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெள்ளைத் தொப்பியும் துப்பாக்கிப் புகையும் தெரியும். பின்னால் இருப்பவனுக்கு நாற்றம்தான் தெரியும். சொறி பிடித்த காட்டெருமைகள், பன்றிக் கொழுப்பில் குழைத்த முகச்சாயம், ஒரே வாளித் தண்ணீரில் காலையும் முகத்தையும் கழுவுகிற வீரர்கள். மேஜர் எந்தப் பட்டாளத்திலும் இருந்தவரில்லை. புகையிலையை மென்றுகொண்டேதான் பேசுவார். பேசி முடிப்பதற்குள் எதிரில் நிற்பவன் சட்டை பழுப்பாகிவிடும். அந்த இடத்தில் சுத்தமான ஜீவன் என் குதிரை ரூபன் ஒருவன்தான்.

சுவரொட்டியில் அவன் பெயர் டெவில். ஏழு பேரைக் கொன்ற குதிரை என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். உண்மையில் அவன் ஈயைக்கூட வலிக்காமல்தான் விரட்டுவான். விசில் ஊதும் வரை அவன்மேல் உட்கார்ந்திருக்கிற உள்ளூர்க்காரருக்கு வெள்ளிப் பூண் போட்ட சேணம் பரிசு. அடிவயிற்றில் வாரைக் கட்டி இறுக்கினால் துள்ளுவான், ஆளைத் தள்ளுவான். வயதான பிறகு அந்த வாரும் அவனுக்குப் பழகிப்போனது. போன ஊரில் எவ்வளவு இறுக்கியும் நின்ற இடத்திலேயே புல்லைத் தேடினான். பரிசுச் சேணம் கைவிட்டுப் போனது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒருவன் தின்று முடித்த சோளக் கட்டையை ரூபன் முகத்தில் எறிந்தான்.

இந்த ஊரில் கூடாரம் போட்டதும் மேஜர் லாயத்துக்கு வந்தார்.

"இங்கயும் இது கறவை மாடு மாதிரி நின்னுச்சுன்னா, ஒமாஹாவுல கிழட்டுக் குதிரையக் கொன்னு பசை காய்ச்சுறவன்கிட்ட தள்ளிவிட்டுட்டுதான்டா மறுவேலை."

"வயசாயிடுச்சு மேஜர், அதான்."

"உனக்குந்தான் ஆயிடுச்சு. உன்னையும் சேத்துக் காய்ச்சுவானான்னு கேட்டுப் பாக்குறேன், இரு."

சுற்றி நின்றவர்கள் பல்லைக் காட்டினார்கள். மேஜரின் எச்சில் ரூபனின் நெற்றியில் தெறித்திருந்தது. நான் துடைத்துவிட்டேன்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் உங்கள் ஊர்ப் பண்ணைக்காரர் ஏக்மன் வந்தார். சவாலுக்குப் பெயர் கொடுத்திருந்தவர் அவர்தான்.

"இவனா ஏழு பேரக் கொன்னான்? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதேங்க, சாதுன்னு."

"தொடாதீங்க, கடிப்பான்."

"எங்க, கடிக்கட்டும் பாப்போம்." வியர்த்த கையால் ரூபனின் கழுத்தைத் தடவினார். "சேணத்துக்காக வரலீங்க. எம் பொண்டாட்டி என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அவ கண்ணு முன்னால ஒரு தடவ ஏறி உக்காந்துட்டாப் போதும்."

அவர் சட்டையில் பன்றித் தொழுவ வாடை அடித்தது. அந்தச் சட்டைமேல் ரூபன் தன் முகத்தைச் சாய்த்துக்கொண்டான். என்னிடம் அவன் அப்படிச் செய்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அன்று யார் வந்திருந்தாலும் செய்திருப்பேன்.

மைதானத்து வேலியிலிருந்து முள்கம்பியில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டேன். சேணத்துக்கு அடியில், விரிப்புக்கும் முதுகுக்கும் நடுவே வைத்தேன். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது குத்தும்.

தூக்கி எறிந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. விழுந்தவர் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு சிரிப்பார், அவரோடு கூட்டமும் சிரிக்கும், அடுத்த ஊரில் மேஜர் பசைக்காரனை நினைப்பார். ஆள் செத்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆகவே ஏறுகிறவர் கால் நுழைக்கச் சேணத்தில் தொங்குகிற அங்கவடிகளை மாற்றினேன். பெண்களின் சவாரிக்கு வைத்திருந்த குறுகலான வளையங்களைப் பூட்டினேன். ஏக்மனின் பூட்ஸ் பெரியது. நானே பக்கத்தில் நின்று அவர் பாதத்தை உள்ளே தள்ளிவிட்டேன். "ரொம்ப நன்றிங்க" என்றார்.

ரூபன் துள்ளினான். அவர் விழுந்தார், கால் வெளியே வரவில்லை. ரூபன் அவரை இழுத்துக்கொண்டு மைதானம் முழுக்க ஓடினான். இதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்துப் பாண்டுக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர் மனைவியும் தட்டினாள். மனிதர்களை நினைத்து அன்று பட்ட அருவருப்பை நான் வேறு எப்போதும் பட்டதில்லை.

மேஜர் மட்டும் எல்லோர் எதிரிலும் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு அழுதார். பின்னால் வந்ததும், "பசையாவது மண்ணாவது, இனி இவனுக்கு ஓட்ஸ்தான்டா" என்று என் முதுகில் தட்டினார். நினைத்தது நடந்துவிட்டது என்றுதான் இருந்தேன். ஆளைக் கொன்ற குதிரை என்று நாளைக் காலையில் அவனைச் சுடப்போகிறீர்கள் என்று இப்போதுதான் கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை. அவன் ஒருவரையும் கொல்லவில்லை, ஏக்மனைக் கொன்றது நான். முள்கம்பி என் பெட்டியில் இருக்கிறது, கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், ஷெரீப். அவன் முதுகுப் புண்ணுக்கு மருந்து போட என்னைத்தான் விட வேண்டும். அன்று கூட்டம் போட்ட கூச்சலில் அவன் மிகவும் பயந்துபோயிருக்கிறான். வேறு யார் போனாலும் சும்மா நிற்கிறான். என் குரலைக் கேட்டால்தான் மூலையில் ஒடுங்கி நடுங்குகிறான். எவ்வளவு வலிக்கிறது என்று என்னிடம் மட்டும்தான் அவன் காட்டுவான்.