ஜன்னலுக்கு நேரா நின்ன மூணு செடி

இல்ல கௌசல்யா, காப்பி ஒண்ணும் போட வேண்டாம். நீ உக்காரு. நான் சொல்ல வந்தது கொஞ்சந்தான். என் சோளக்கதிர்ல திரும்பவும் கை வச்சிருக்கு. நேத்து ஒண்ணு போச்சு. முந்தாநாளு ஒண்ணு. ஒரு வாரத்துல ஆறு கதிரு.

சிரிக்காத. உனக்கு ஸ்வீட் கார்ன்னா சூப்பர் மார்க்கெட்ல பிளாஸ்டிக் சுத்தி வச்சிருக்க சாமான். நான் சாலைக்கடைச் சந்தையில விதை வாங்கி, எலி தோண்டின குழியில திரும்பவும் போட்டு, புழுவைக் கையால நுள்ளி எடுத்து வளத்தது. அடுத்த வீட்டுக்காரிகிட்ட இதைச் சொல்லாம பின்ன யாருகிட்ட சொல்ல?

மரப்பட்டியா, அந்த மரநாயா? நானும் முதல்ல அதைத்தான் நினைச்சேன். நம்ம லைன்ல எல்லா வீட்டு மச்சுலயும் அது ஓடுதுல்லா. ஆனா மரப்பட்டின்னா செடியைச் சாய்க்கும், மட்டையைக் கடிச்சுக் கிழிக்கும், பாதியைத் தின்னுட்டு பாதியை என் வாசல்ல போட்டுட்டுப் போகும். இது அப்படியில்ல. கதிரைக் கீழ்ப்பாத்து அமத்தி ஒரு திருகு, அவ்வளவுதான். செடிக்கு ஒரு கீறல் கிடையாது. தரையில மட்டை கிடையாது, சக்கை கிடையாது. தின்ன இடத்தைப் பெருக்கிட்டுப் போற மரப்பட்டியை நீ எங்கயாவது பாத்திருக்கியா?

அதும் எதை எடுத்திருக்கு தெரியுமா? முத்தினதை மட்டும். கதிர் நுனியில பட்டு முடி மாதிரி தொங்கும்லா, அது கருகி, காப்பிப்பொடி நிறமாகணும். அப்பந்தான் உள்ள மணியில பாலு பிடிச்சிருக்கும். அந்தப் பருவத்துல அவிக்கக்கூட வேண்டாம், பச்சையாவே தின்னலாம். முடி வெளுப்பா இருந்ததை எல்லாம் விட்டு வச்சு, கருகின பிறகு ஒவ்வொண்ணா எடுத்திருக்கு. அப்போ விவரம் தெரிஞ்ச ஆளுதானே? இந்த லைன்ல யாருக்கு அந்த விவரம் உண்டு சொல்லு. உனக்கா? வெண்டைக்காய் முத்தலா பிஞ்சான்னு கேக்க நீ என்னைத்தானே கூப்பிடுவ. முகத்தைத் தூக்காத, உள்ளதைச் சொன்னேன்.

எனக்கே உன் வீட்டு வேலைக்கு நின்ன மாடம்மாள் சொல்லித்தான் தெரியும். கோவில்பட்டிப் பக்கம் அவங்க ஊரு, மக்காச்சோளக் காட்டுல பிறந்து வளந்தவ. நான் மதிலோரமா ஒரே வரிசையா குழி எடுக்கேன், இவ உங்க பக்கம் துணி காயப்போட்டுட்டு நின்னு விளிச்சுச் சொல்லுதா, அம்மா ஒத்த வரிசை போடாதீங்க, காத்து பூப்பொடியைப் பூரா அடிச்சிட்டுப் போயிரும், நாலு வரிசையாச் சதுரமாப் போடுங்கன்னு. எனக்கு வந்த கோவத்தைக் கேக்கணுமா? கான்வென்ட்ல பாட்டனி படிச்ச எனக்கு இவ கிளாஸ் எடுக்காளேன்னு. இருக்கதே மூணடி இடம், சதுரத்துக்கு நான் எங்க போகன்னு கேட்டேன். சிரிச்சா. பிறகு பூ வந்ததும் தினமும் விடியக்காலத்த மதிலுக்கு மேல கையை நீட்டி அவளே பொடி தடவித் தந்தா. செடி உச்சியில வாற ஆண் பூவுல ஒரு கொத்தை ஒடிப்பா. கீழ உள்ள பட்டு முடியில பதமாத் தேய்ப்பா. தேய்ச்ச கொத்தைத் தூரப் போடமாட்டா, அப்படியே மட்டை இடுக்குல சொருகி வைப்பா. ஒரு முடிக்கு ஒரு மணிம்மா, ஒரு முடி தப்பினா ஒரு பல்லு ஓட்டைம்பா. எங்க பாட்டனி சிஸ்டர் போர்டுல படம் வரைஞ்சு அரைமணி நேரம் சொன்ன காரியம். இவ மூணாம் கிளாஸ் தாண்டாதவ.

ஆமா, அவ ஊருக்குப் போயிட்டான்னு நீ சொன்னதை நான் மறக்கல. போயி பத்து நாளாச்சு. போன பிறகுதான் அரைப்பவன் மோதிரத்தைக் காணலைன்னு தெரிஞ்சுதுன்னும் சொன்ன. எல்லாம் ஓர்மை உண்டு. அவ போயி மூணாம் நாளுதான் என் கதிரு திரும்பவும் காணாமப் போகத் தொடங்கிச்சு. அது ஒரு அதிசயம்தானே?

கள்ளனைப் பிடிச்சா என்ன செய்யணும்னு சொல்லுத? ஓ. ஒரு முறியில போட்டு, ரூம் கதவை அடைச்சு, பட்டினி போட்டா தானே ஒத்துக்குவானா. டக்குனு சொல்லிட்டியே, யோசிக்கக்கூட இல்ல. இல்ல, ஒண்ணுமில்ல. கேட்டேன், நீ சொன்ன. அதுக்கு எதுக்கு டி.வி. சத்தத்தைக் கூட்டுத? அதை அமத்து கௌசல்யா. எனக்குக் காது நல்லாக் கேக்கும்.

இன்னும் கேளு. இன்னைக்குக் காலத்த நான் ஒவ்வொரு செடியா நின்னு பாத்தேன். மொத்தம் பதினாலு செடி. இந்த ஒரு வாரத்துல கதிர் போனது மூணே மூணு செடியில. செடிக்கு ரெண்டு வச்சு ஆறு. அந்த மூணும் எங்க நிக்கு தெரியுமா? உன் வீட்டு ஸ்டோர் ரூம் ஜன்னலுக்கு நேரா. அந்த இடத்துல மதிலு இடுப்பளவுதான், ஜன்னல் கம்பிக்கும் செடிக்கும் ஒரு முழம்கூடக் கிடையாது. அங்கிட்டு நாலாவது செடியில முத்தின கதிரு ரெண்டு அப்படியே நிக்கு. அதுக்கு ஒரு கை எட்டாது. நான் என் கையை வச்சே அளந்து பாத்தேன்.

பூட்டிக் கிடக்க முறியா? பழைய பேப்பரும் அரிசிச் சாக்குந்தான் கிடக்கா? இருக்கட்டும். கண்ணாடியில உள்பக்கமா பேப்பர் ஒட்டி வச்சிருக்க, அதையும் பாத்தேன். நேத்து சாயங்காலம் அந்த ஜன்னல் லேசாத் திறந்து கிடந்துது. நான் மதிலுகிட்டப் போகவும், உள்ள இருந்து இழுத்துச் சாத்தி கொளுத்தை, அந்தக் கொக்கியைப் போட்டாச்சு. காத்தா? காத்து கதவைச் சாத்தும், ஒத்துக்கிடுதேன். கொளுத்தையும் போடுமா?

உக்காரு. எங்க எந்திரிக்க?

எலி தோண்டின குழியில திரும்பப் போட்டேன்னு சொன்னேன்லா, அந்தச் செடி மூணு வாரம் பிந்திப்போச்சு. அதும் அந்த ஜன்னல்கிட்டத்தான் நிக்கு. இப்பந்தான் பட்டு முடி வந்திருக்கு. நான் அதைத் தொடல, சத்தியமா எனக்கு அதுக்கு பொறுமை கிடையாது. இன்னைக்குக் காலத்தப் பாக்கேன், முடி பூரா மஞ்சப் பொடி. ஆண் பூவுல ஒரு கொத்து ஒடிஞ்சிருக்கு. அந்தக் கொத்து மட்டை இடுக்குல சொருகி நிக்கு.

 

உள்ள இருக்கது யாருன்னு எனக்கு அங்கேயே தெரிஞ்சுபோச்சு கௌசல்யா. நேரே பஸ் பிடிச்சு பழவங்காடிக்குப் போனேன். மாடம்மாள் தம்பி அங்க ஒரு ஹோட்டல்ல பரோட்டா போடுதான், உனக்குத் தெரியுமே. அக்கா ஊருக்கு வந்து சேந்தாளாப்பான்னு கேட்டேன். அவன் என்னைப் பாக்கான். அக்கா ஊருக்குப் போகலையேம்மா, உங்க பக்கத்து வீட்டம்மாகூட குருவாயூருக்குப் போயிருக்கா, அதான் போன் எடுக்கலைன்னு அந்தம்மாவே போன்ல சொன்னாங்களேங்கான். எனக்கு ஊரு, அவனுக்கு குருவாயூரு. ஆளுக்கொரு இடம் சொல்லும்போது அடுத்தவங்க ஒருநாள் சேந்து பேசிக்கிடுவாங்கன்னு தோணலியா உனக்கு?

மோதிரத்தை அவ எடுத்தாளா இல்லியா எனக்குத் தெரியாது. எடுத்திருந்தா ஸ்டேஷன் இருக்கு, கேஸ் குடு. அடைச்சுப் போட நீ யாரு? சோறு குடுக்கியா, இல்ல அதும் ஒருநேரம்தானா? மனுஷி வயிறு நிறைஞ்சா பச்சைச் சோளத்தைச் சக்கையோட ஒளிச்சு வச்சுத் தின்னுவாளா? இனி அந்த ஜன்னலுக்கு எட்டுற தூரத்துல முத்தின கதிரு ஒண்ணுகூடக் கிடையாது. ஆறும் தீந்துபோச்சு. அதனாலதான் இன்னைக்கே வந்தேன்.

நானா? நானா சொன்னேன்? ஆமா. அதைச் சொல்லிக்காட்டுவன்னு தெரிஞ்சுதான் வந்தேன். முதமுதல்ல, நீ அவளை அடைக்கிறதுக்கு முன்னால, வாசல் கேட் பக்கம் ரெண்டு கதிரு போனப்போ, இதே சோபாவுல உக்காந்து, உன் மாடம்மாளுக்குக் கை கொஞ்சம் நீளம், அலமாரியைப் பூட்டி வைன்னு நாந்தான் சொன்னேன். மறக்கல. விளிச்சா கேக்குற தூரத்துல நான் இருக்கேன், அவ ஏன் ஒரு சத்தம் போடலைன்னு பஸ்ல வரும்போது யோசிச்சுக்கிட்டே வந்தேன். எங்கிட்ட எப்படி விளிச்சுச் சொல்லுவா? அவளுக்குக் கள்ளின்னு பேரு வச்சதே நான்லா. அவ கொளுத்தைப் போட்டது என்னைப் பாத்துத்தான். என்னைப் பாத்துக் கொளுத்தையும் போட்டுட்டு, விடிஞ்சதும் என் செடிக்குப் பொடியும் தடவியிருக்கா.

அந்த ரெண்டு கதிரும் எங்க போச்சு தெரியுமா? எங்க வீட்டுக்காரரு பறிச்சு, உப்புப் போட்டு அவிச்சு, பேப்பர் படிச்சுக்கிட்டே தின்னிருக்காரு. ஞாயித்துக்கிழமை கோயில் விட்டு வரும்போது சொல்லுதாரு, சுசீலா, அந்த முதல்ல பறிச்ச கதிரு மாதிரி பிறகு ஒண்ணும் இனிக்கல்லியேன்னு. சுகரு உள்ள மனுஷன், நான் திட்டுவேன்னு பயந்து மறைச்சு வச்சிருக்காரு. அப்பமே உங்கிட்ட ஓடி வந்து, நான் சொன்னது தப்புன்னு சொல்லியிருக்கணும். மூணு நாளா வாய் வரல்ல. மத்தவங்க குத்தம் சொல்ல மட்டும் நல்லா வரும்.

சரி, சாவியை எடு. அழுகையெல்லாம் பிறகு. என் கேட்ல அவ தம்பி நிக்கான், வார்டு கவுன்சிலரும் கூட நிக்காங்க. கதவை உடைக்கணும்னுதான் அவன் குதிச்சான், நான்தான் பத்து நிமிஷம் கேட்டேன். அது முடிஞ்சாச்சு.

நீ பூட்டைத் திறந்துட்டுத் தள்ளி நில்லு, நான் முதல்ல உள்ள போறேன். என் மூஞ்சியில துப்பணும்னா அவ துப்பட்டும்.