பச்சை சோபா கிடந்த ஓடை

குப்பை பொறுக்கப் போகிறவர்கள் முதலில் பழக வேண்டியது குனியாமல் இருப்பது. நீள இடுக்கி எதற்கு இருக்கிறது? குனிந்து பொறுக்கினால் மறுநாள் இடுப்பு எழவிடாது. பதினோரு வருடமாக, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, புதிதாக வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். வேட் பிராக்மனிடமும் சொன்னேன். அவன் கேட்கவில்லை. கையாலேயே அள்ளினான்.

இந்தப் பாலைவனம் உங்களுக்கும் தெரியும், அதிகாரி. குப்பைக் கிடங்குக்குக் கட்டணம் கட்ட மனமில்லாதவர்கள் இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள். டயர், மெத்தை, பெயின்ட் வாளி. ஒரு வாளிக்குள் ஆமை ஒன்று தலைகீழாக விழுந்து வெந்து செத்திருந்தது. எழுபது வயதாவது இருக்கும். நான்தான் வெளியே எடுத்தேன்.

வேட் வீடுகளில் பழைய சாமான் அகற்றுகிறவன். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி. அந்தத் தொழில் செய்கிறவன் விடுமுறை நாளில் சும்மா வந்து எதற்குக் குப்பை பொறுக்க வேண்டும்? எல்லோரையும் விட அதிகப் பைகளை நிரப்பினான். எங்கே கிடக்கிறது என்று முன்பே தெரிந்தவனுக்குத்தான் அது முடியும்.

மே மாத முகாம் அன்று வெயில் நூற்றெட்டு டிகிரி. எல்லோரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்து, அவனை என்னோடு வைத்துக்கொண்டேன். என் வண்டியில் மண் சாலை வழியே பதினான்கு மைல் உள்ளே போனோம். பழைய சுரங்கத்துக்குப் பின்னால் ஒரு வறண்ட ஓடை. அங்கே கைபேசி எடுக்காது.

ஓடைக்குள் பச்சை சோபா ஒன்று கிடந்தது. அவன் சிரித்தான்.

"அட, இவரு இங்கயா வந்து படுத்திருக்காரு! லொரேன், இது ப்ரூயிட் வீட்டு சோபா. பூனை கிழிச்ச எடத்தப் பாருங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் ரேட் சொல்லப் போயிருந்தேன். ஜாஸ்தின்னுட்டாங்க. எவனோ பாதி காசுக்கு எடுத்துட்டுப் போய் இங்க தள்ளிட்டான், திருட்டுப்பய."

"எவன்?"

"என்னங்க, டீச்சர் மாதிரி மெரட்டுறீங்க? தெரிஞ்சா நானே அவன் வாசல்ல கொண்டுபோய் எறக்கிட மாட்டேனா?"

எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தான். அதைக் கவனித்தேன்.

பையோடு ஓடைக்குள் இறங்கினான். தண்ணீர்க் குப்பியைக் கரையில் ஒரு புதரடியில் வைத்திருந்தான்.

"வண்டியிலேர்ந்து இன்னும் ரெண்டு பை எடுத்துட்டு வரேன்" என்றேன்.

"அப்படியே அந்த பர்ரிட்டோவையும் எடுத்துட்டு வாங்க. பசி உயிர் போகுது."

போகிற வழியில் அந்தக் குப்பியை எடுத்துக்கொண்டேன். பிளாஸ்டிக்கைத் தரையில் விட்டுவிட்டுப் போவது எனக்குப் பழக்கமில்லை. வண்டியைக் கிளப்பி, மெதுவாகத்தான் ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தபோது கரையேறி நின்று கையாட்டினான். நான் வண்டியைத் திருப்பி நிறுத்தப் போகிறேன் என்று நினைத்திருப்பான்.

மற்றவர்களிடம், அவனுடைய நண்பன் வந்து கூட்டிப் போய்விட்டான் என்றேன். வேட் தனியாக வாழ்கிறவன். செவ்வாய்க்கிழமை வரை யாரும் தேடவில்லை.

ஒன்பது மைல் நடந்திருக்கிறான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சரியான வழியில்தான் நடந்திருக்கிறான். குப்பைப் பையின் வாயைக் கட்டி, அதையும் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறான். எனக்கு அது நடிப்பாகத்தான் பட்டது. சிலருக்கு ஆள் இல்லாத இடத்திலும் நல்லவனாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சோபாவை எடுத்துப்போனவன் வெள்ளை வேன் வைத்திருக்கும் வேறு ஆள் என்று ப்ரூயிட் வீட்டில் சொன்னார்களாம். அவர்கள் பொய் சொல்லக் காரணமில்லை. அந்த வேன்காரனும் வேட்டும் கூட்டாளிகள் இல்லை என்று மட்டும் எப்படிச் சொல்கிறீர்கள்?

நான் அவனைத் தொடவில்லை. ஆனால் உயிரோடு திரும்ப மாட்டான் என்று தெரிந்துதான் விட்டுவிட்டு வந்தேன். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. அவன் அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து அந்த ஓடைக்குப் போனேன். புதிதாக ஒரு துணி துவைக்கும் இயந்திரம் கிடந்தது, மேலே தூசிகூடப் படியவில்லை. வேட் அதை எப்போது கொண்டுவந்து போட்டான்?