ஹெரால்டு காரில் ஜானவாசம்

இறங்காதேள் மாப்பிள்ளை, இறங்காதேள்! ஜானவாச ஊர்வலத்துல மாப்பிள்ளை கார்லேர்ந்து நடுரோட்டுல இறங்கி நடந்து வந்தார்னு உங்க மனுஷா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவா. அப்படியே உக்காருங்கோ. மாலையைச் சரியாப் போட்டுக்கோங்கோ. கோட்டு கசங்கலையே? நான் திரும்பிப் பார்க்கணும்னாலும் முடியலை, மடியில கல்கண்டுத் தட்டு. கொஞ்சம் அசைஞ்சா லஸ் ரோடு பூரா கல்கண்டுதான்.

என்னைத் தெரியறதோ இல்லையோ? ஷ்ரேயாவோட அத்தை, ஜெயலக்ஷ்மி. நிச்சயதார்த்தத்தன்னிக்கு வேண்டாம் வேண்டாம்னு நீங்க கையை மறைக்க மறைக்க ரெண்டாந்தரம் பாயசம் விட்டேனே... ஆங், நானேதான். கார் அடியில பட்டு வேஷ்டியோட படுத்துண்டிருக்காரே, கால் மட்டும் தெரியறதே, அவர்தான் எங்காத்துக்காரர், ஸ்ரீனிவாசராகவன் மாமா. வண்டி அவரோடது. வேஷ்டியும் அவரோடதுதான், ஆனா தோய்க்கப்போறது நான்.

நாயனக்காராளைப் பாருங்கோ, பின்னாடி மாப்பிள்ளை வரலைன்னுகூடத் தெரியாம வாசிச்சுண்டு போயிண்டே இருக்கா! லைட்டு தூக்கறவாளும் போயாச்சு. போகட்டும், எங்க போயிடுவா... பின்னாடி ஹாரன் அடிக்கற அந்த ஆட்டோக்காரரைக் கண்டுக்காதேள். "பெரிம்மா, இன்னா அப்படியே நின்னுகினு கீறே"ன்னு என்னைக் கேக்கறார். நானா நின்னுண்டிருக்கேன்? வண்டின்னா நின்னுண்டிருக்கு!

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. நம்ம மெட்ராஸ்லயே பண்ணின வண்டி. மேல்கூரையைக் கழட்டி வெச்சுடலாம். அதனால எங்க குடும்பத்துல யாராத்துக் கல்யாணம்னாலும் ஜானவாசத்துக்கு இதுதான். கூப்பிடாதவாளுக்கும் மாமாவே போன் பண்ணி, "வண்டி வேணுமா, வண்டி வேணுமா"ன்னு கேப்பார்.

போன தடவை என் நாத்தனார் பொண்ணு கல்யாணம். மாட வீதி திரும்பறோம். இவர் பிரேக்கை மிதிக்கறார்... மிதிக்கறார்... கால் தரையைத் தொட்டுடுத்து, வண்டி அது பாட்டுக்குப் போயிண்டிருக்கு! மெதுவாத்தான், பெருமாள் புண்ணியம். முன்னாடி தவில் வாசிச்சுண்டு போன வடிவேலு அப்படியே பானெட் மேல உக்காந்துட்டார். உக்காந்தபடியே வாசிச்சு முடிச்சுட்டுத்தான் இறங்கினார், மகானுபாவர். அடி ஒண்ணும் இல்லை. ஆனா எனக்கு உசிரே போயிடுத்து. எங்கேயோ ஒரு குழாய்ல ஓட்டையாம். பழைய வண்டில பிரேக் ஆயிலுக்கு ஒரே அறைதானாம். எங்க ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு.

வித்துடுங்கோன்னேன். அசோக் நகர்ல சுப்புராயன்னு ஒருத்தர் கேட்டுண்டே இருக்கார். இவர் கேட்டாத்தானே? கே.கே. நகர்ல மெக்கானிக் பீர் முஹம்மது பாய் ஷெட்டுலயே போய் உக்காந்துண்டார். டூயல் மாஸ்டர் சிலிண்டர் போடப்போறாராம். கேட்டேளா மாப்பிள்ளை? டூயல். மாஸ்டர். சிலிண்டர். ஆத்துல சஹஸ்ரநாமம் மாதிரி அதேதான். சாதத்துல ரசம் விடறேன், "ஜெயா, இது முன்சக்கரத்துக்கு"ங்கறார். மோர் விடறேன், "இது பின்சக்கரத்துக்கு"ங்கறார். ஆயிலுக்கு ரெண்டு அறையாம், தனித்தனிக் குழாயாம். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்குமாம். மோர்சாதத்துல ரசம் கலந்துடுத்துன்னா முகம் சுருங்கிடறது.

சரி, நானும் ஒரு வார்த்தை சொன்னேன். இந்தக் கல்யாணத்துல வண்டி கோவில்லேர்ந்து மண்டபம் வரைக்கும் ஒழுங்காப் போய்ச் சேரட்டும், அதுக்கப்பறம் இதைப்பத்தி நான் வாயே திறக்கமாட்டேன். நடுவுல ஏதாவது மக்கர் பண்ணித்துன்னா மறுவாரமே சுப்புராயனுக்குக் குடுத்துடணும். சரின்னுட்டார். கை மேல கை அடிச்சுக் குடுத்தார்.

இப்ப பாருங்கோ! அன்னிக்கு நிக்கமாட்டேன்னுது, இன்னிக்கு நகரமாட்டேங்கறது. பின்சக்கரம் ரெண்டும் கவ்விண்டுடுத்தாம். தள்ளினாக்கூட நகரலை. நன்னா இருக்கு போங்கோ, பிரேக் பிடிக்கலைன்னு அழுதா, பிடிச்ச பிடியை விடாத பிரேக்கா வாங்கிப் போட்டிருக்கார்!

என்ன? தண்ணியா? எனக்கு வேண்டாம், நீங்க குடியுங்கோ.

இருங்கோ, பாய்தான் போன்ல. ஸ்பீக்கர்ல போட்டிருக்கார்... என்ன கேக்கறார்?... வேற எண்ணெய் எதாவது உள்ள போயிடுத்தான்னு கேக்கறார். பிரேக் ஆயிலைத் தவிர வேற எண்ணெய் பட்டா உள்ள இருக்கற ரப்பர் ஊதிக்குமாம். ஊதிண்டா மிதிக்க மிதிக்கப் பிடிச்சுக்குமே தவிர விடாதாம்...

ஓஹோ.

...இவர் பாவம், "பெருமாள் சத்தியமா வேற எண்ணெய் நான் தொடலை பாய்"ங்கறார்.

மாப்பிள்ளை... கொஞ்சம் கிட்ட வாங்கோ. வேண்டாம், கல்கண்டு கொட்டிடும், நானே மெதுவாச் சொல்றேன். தையல் மெஷினுக்கு விடற எண்ணெய், அதுவும் வேற எண்ணெய்ல சேர்த்தியா?

இல்லை, சும்மாத்தான் கேட்டேன்.

...முந்தாநாள் இவர் பானெட்டைத் திறந்து வெச்சுட்டு, மஞ்சள் குங்குமம் இட்டுவைன்னு சொல்லிட்டு உள்ள போனார். நான் குனிஞ்சு பார்க்கறேன், புதுசா அந்த டப்பா இருக்கு, ரெண்டு மூடியோட. திறந்து பார்த்தேன். ஒரு அறையில ததும்பத் ததும்ப இருக்கு, இன்னொண்ணுல கொஞ்சம் கீழ. எனக்கு மனசு கேக்கலை. ஒரு இலைக்கு நெய்யை வழிய விட்டு பக்கத்து இலைக்குக் காட்டிட்டுப் போனா மாதிரி... பந்தி வஞ்சனை பண்ணலாமோ? கையில தையல் மெஷின் எண்ணெய் இருந்தது, உங்க பொண்டாட்டியாகப்போறவளோட ரவிக்கையைப் பிடிச்சுத் தைச்சுண்டிருந்தேன். கொஞ்சம் விட்டு ரெண்டையும் சமமாக்கினேன். அப்பறம்தான் திருப்தியா குங்குமம் இட்டேன்.

அது பின்சக்கரத்து அறைன்னு நான் என்னத்தைக் கண்டேன்?

உஷ்... என்னவோ சொல்றார் கீழேர்ந்து.

"ஜெயா, நீ சொன்னதுதான் சரி. சுப்புராயனை வரச்சொல்லிடு."

கேட்டேளா மாப்பிள்ளை? குரலைக் கேட்டேளா? சாதாரணமா நான் ஒண்ணு சொன்னா ஒம்போது பதில் சொல்ற மனுஷன். இப்படிச் சொல்லணும்னுதானே இத்தனை நாளா கத்தினேன், சந்தோஷமா இருக்கணுமோல்லியோ? இல்லையே.

எனக்கு இந்த வண்டி ரொம்பப் பிடிக்கும். யார்கிட்டயும் சொல்லிடாதேள். ஞாயித்துக்கிழமை ஃபிளாஸ்க்ல காப்பி எடுத்துண்டு பெசன்ட் நகர் போவோம். அங்க போய் வண்டியை நிறுத்திட்டு, சுத்திண்டு வந்து என் பக்கத்துக் கதவை அவர்தான் திறந்துவிடுவார். கதவு உள்ளேர்ந்து திறக்காது, அதனால. அதைச் சரிபண்ணிடட்டுமான்னு பாய் எத்தனையோ தரம் கேட்டார். நான்தான் வேண்டாம்னுட்டேன். போற வரவாள்ளாம் திரும்பிப் பார்ப்பா. நான் எரிச்சலா இருக்கறா மாதிரி முகத்தை வெச்சுண்டு இறங்குவேன். அசோக் நகர்க்காரர் வந்து யாருக்குக் கதவு திறந்துவிடப்போறார்?

சொல்லிடலாம்தான். சொன்னா இவர் ஆயுசுக்கும் சிரிப்பார். ஒவ்வொரு கல்யாணத்துலயும் பந்தியில உக்காந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நீங்க ஒண்ணு பண்ணுங்கோ மாப்பிள்ளை. நாளைக்கு மாமனாராத்துல என்ன வேணும்னு கேப்பா. இந்த வண்டியை விக்கப்படாதுன்னு நீங்க ஒரு பிடிவாதம் பிடியுங்கோ. மாப்பிள்ளை சொன்னா யாரும் தட்டமாட்டா. தையல் மெஷின் விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும். சரியா? தலையை ஆட்டினா எனக்குத் தெரியாது, வாயைத் திறந்து சொல்லுங்கோ... சரியா மாப்பிள்ளை?

மாப்பிள்ளை?

ராமா! சீட்டுல வெறும் மாலைன்னா இருக்கு! எப்ப இறங்கினார்... சக்கரத்துக்கிட்ட குந்திண்டிருக்காரே, கோட்டும் சூட்டுமா! மாப்பிள்ளை, அவர் காதுல என்ன சொல்றேள்? சொல்லாதேள்... சொல்லிட்டார்.

ஏன்னா, என்ன சிரிப்பு? நடுரோட்டுல, முகமெல்லாம் கரி... அந்த ஆட்டோக்காரர்கிட்டயும் எதுக்குச் சொல்றேள்? என்னது, பாய் சொல்றாரா? பின்சக்கரத்துல ஒரு திருகைத் தளர்த்தினா பிடி விட்டுடுமா? முன்சக்கரத்துப் பிரேக்கை வெச்சுண்டே மெதுவா மண்டபம் போயிடலாமா? சரி, சரி, ஒத்துக்கறேன், ரெண்டு அறை நல்லதுதான். நின்னது வண்டியால இல்லை, என்னாலதான். போறுமா? சுப்புராயனை வரவேண்டாம்னு நானே சொல்லிடறேன்.

திருகைத் தளர்த்தியாச்சா, சக்கரம் சுத்தறதா? மாப்பிள்ளை, ஏறிக்கோங்கோ. எடுங்கோன்னா வண்டியை. மண்டபம் வரைக்கும் நான் வாயே திறக்கலை.

...ஏன்னா, அந்தத் திருகைத் திரும்ப முடுக்கினேளோ?